சல்லடைக் கண்

என் மாமனாருக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டார். "சல்லடை போட்டுத் தேடியாச்சும்மா" என்று ஒரு வரி சொல்வார், அதோடு பேச்சுக்குப் பூட்டு. மூக்குக்கண்ணாடி காணவில்லை என்றாலும் அதே வரிதான். கண்ணாடி அவர் நெற்றியிலேயே இருக்கும். மற்றவர்கள் பேச்சுக்குச் சொல்கிற இந்த வார்த்தையை அவர் நிஜமாகவே செய்தவர் என்பதுதான் எனக்கு வந்த தலைவலி. அந்தச் சல்லடை எங்கள் வீட்டு ஹாலில், அவருடைய கல்யாண போட்டோவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கியது. மரச்சட்டம், கட்டம் கட்டமாகக் கம்பிவலை. வருகிறவர்கள் போட்டோவை விட்டுவிட்டு அதைத்தான் முதலில் விசாரிப்பார்கள்.

அவர் தொல்லியல் ஆய்வாளர். ஊருக்கு வெளியே ஆறு வளைகிற மேட்டில், நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், பெரிய குழி ஒன்றைத் தோண்டினார். அடியில் பழைய கற்காலத்து மனிதர்கள் உடைத்துச் செய்த பெரிய வெட்டுக்கற்கள் கிடைத்தன. மேலே புதிய கற்காலத்தின் வழவழப்பான கோடாரிகளும் பானை ஓடுகளும் கிடைத்தன. இரண்டுக்கும் நடுவில் ஒரு கை ஆழத்துக்கு வெறும் மஞ்சள் மண். அந்த மண் முழுவதையும் சலித்துப் பார்த்தார். ஒன்றுமில்லை. அதற்கு 'வெற்றடுக்கு' என்று பேர் வைத்தார். ஆயிரக்கணக்கான வருஷம் இங்கே மனித வாடையே இல்லை என்று எழுதினார். பாடப் புத்தகத்தில் வந்தது. நானே அதை மனப்பாடம் செய்து மார்க் வாங்கியிருக்கிறேன்.

பிறகு நானும் அதே படிப்பைப் படித்தேன், அவர் பிள்ளையைக் கட்டிக்கொண்டேன், அவர் ஓய்வு பெற்ற அதே அருங்காட்சியகத்தில் வேலைக்கும் சேர்ந்தேன். சேர்ந்து கொஞ்ச நாளிலேயே, அந்த அடுக்கு வெற்றடுக்கு இல்லை என்று சொல்ல ஆரம்பித்தேன். மாமனாரை எதிர்க்கவே மருமகளாக வந்தவள் என்று அலுவலகத்தில் கேலி செய்தார்கள். என் கணவர் பல் டாக்டர். வீட்டில் சண்டை மூண்டால், "எனக்கு பேஷன்ட் காத்திருக்காங்க" என்று நழுவிவிடுவார். ஞாயிற்றுக்கிழமையும் அவருக்கு பேஷன்ட் காத்திருப்பார்கள்.

எங்கள் துறையில் இந்தச் சண்டை புதிதில்லை. ஆரம்பத்தில் இருந்தவை இரண்டே பெட்டிகள். கல்லை உடைத்துக் கருவி செய்தவர்கள் பழைய பெட்டியில். கல்லைத் தேய்த்து, ஆடு மாடு வளர்த்து, விதை போட்டு அறுத்தவர்கள் புதிய பெட்டியில். நடுவில்? நடுவில் ஒன்றுமில்லை என்றார்கள். பனியுகத்துக் குளிர் விலகியது, பெரிய மிருகங்கள் போயின, கூடவே மனிதரும் போய்விட்டார்கள், அப்புறம் எங்கிருந்தோ விதை மூட்டையோடு வேறு ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். இப்படி ஒரு நீண்ட காலத்தைத் துடைத்துப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கிய பெரிய மனிதர்கள் உண்டு. அங்கங்கே விரல் நகத்தைவிடச் சின்னக் கருவிகள் கிடைக்க ஆரம்பித்த பிறகு, வேறு வழியில்லாமல் நடுவில் ஒரு பெட்டியைச் செருகினார்கள். இடைக்கற்காலம் என்று பேர். பேரைப் பாருங்கள், சொந்தமாக ஒன்றுமில்லை. இடையில் வந்தது, அவ்வளவுதான்.

அதை எப்படி வரையறுப்பது என்பதில் இன்னும் அடிபிடி. சின்னக் கல் இருந்தால் போதும் என்பார் ஒருவர். வருஷக் கணக்குதான் முக்கியம் என்பார் இன்னொருவர். வாழ்ந்த விதத்தைப் பாருங்கள் என்பேன் நான்: மீன் பிடித்தார்கள், நத்தை பொறுக்கினார்கள், மாறிப்போன காட்டில் புதிதாகப் பிழைக்கக் கற்றுக்கொண்டார்கள். அதெல்லாம் எதற்கு, அவர்கள் விதைக்கவில்லை, பானை செய்யவில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள் என்பவர்களும் இருக்கிறார்கள். இல்லை, இல்லை என்று சொல்லியே ஒரு காலத்துக்கு விளக்கம் கொடுத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஏன் இவ்வளவு ரோஷம் என்றால், நான் எங்கள் வீட்டில் நடுப்பிள்ளை. அண்ணன் மூத்தவன், ஆகவே அவனுக்கு ஒரு ஆல்பம். தங்கை கடைக்குட்டி, ஆகவே அவளுக்கு ஒரு ஆல்பம். நான் இரண்டு ஆல்பத்திலும் இருக்கிறேன். அண்ணன் படத்தில் ஓரத்தில் ஒரு பாதிக் கை. தங்கை படத்தில் தொட்டிலை ஆட்டுகிற இன்னொரு கை. சின்ன வயதில் என்னை யாராவது அறிமுகப்படுத்தினால், "இவ மூத்தவனுக்கு அடுத்தவ, சின்னவளுக்கு முன்னாடி" என்பார்கள். அதனால் இரண்டுக்கும் நடுவில் ஒன்றுமில்லை என்று யாராவது சொன்னால் என்னால் சும்மா இருக்க முடிவதில்லை.

அருங்காட்சியகத்தைப் புதுப்பிக்க ஆரம்பித்தபோது விஷயம் கழுத்தைப் பிடித்தது. பழைய கற்காலத்துக்கு ஒரு பெரிய அறை, புதிய கற்காலத்துக்கு ஒரு பெரிய அறை. நடுவில் ஒரு நடை. அந்த நடையில் தீயணைப்புக் கருவியும் கழிவறைக்கு அம்புக்குறியும் வரப்போகின்றன. சுவரில் கருங்கல் பதித்து, 'இதன்பின் நெடுங்காலம் இங்கே மனிதர் இல்லை' என்று செதுக்கப் போகிறார்கள். கல்லில்! காகிதத்தில் இருந்தாலாவது கிழித்துப் போடலாம்.

அதைவிட மோசம், ஆற்று மேட்டைச் சமன் செய்து, பார்வையாளர்கள் கார் நிறுத்த கான்கிரீட் போடப் போகிறார்கள். மாமனார் தோண்டிய குழியில், அந்தக் காலத்திலேயே ஒரு மண்சுவரைத் தோண்டாமல் விட்டு வைத்திருந்தார். கீழிருந்து மேல்வரை எல்லா அடுக்கும் அதில் அப்படியே நிற்கும். எங்கள் தொழிலில் அதைச் சாட்சிச் சுவர் என்போம். தகரக் கூரை போட்டு, சுற்றி வேலி கட்டி வைத்திருந்தார்கள். அது இடிந்தால் சாட்சி போயிற்று. அதற்கப்புறம் நான் தலைகீழாக நின்றாலும், இது மாமனார் மருமகள் குடும்பச் சண்டை என்று முடித்துவிடுவார்கள்.

அருங்காட்சியக இயக்குநரிடம் போய் நின்றேன். நல்ல மனிதர், பிடி கொடுத்துப் பேசவே மாட்டார். "மேடம், சுவரை வெட்டிப் பாக்கறதுன்னா முதல்ல தோண்டினவர் சம்மதிக்கணும். அதுதானே இங்க வழக்கம்? அவர் உங்க வீட்லதானே இருக்கார்?" என்று சிரித்தார்.

வீட்டில்தான் இருந்தார். அதுதான் கஷ்டம்.

ஏற்கெனவே ஒரு முறை தோற்றிருந்தேன். குழியிலிருந்து சலித்துக் கொட்டிய மண் மேடாகக் கிடக்கிறது. ஒரு மழைக்குப் பிறகு அதில் நடந்தபோது பிறை வடிவத்தில் ஒரு குட்டிக் கல் கிடைத்தது. ஒரு பக்கம் கூர், மறுபக்கம் வேண்டுமென்றே மழுக்கியது. தலைகால் புரியாமல் ஓடிவந்து மாமனார் கையில் வைத்தேன். அவர் புருவத்தைத் தூக்கி, "கொட்டின மண்ல எல்லா அடுக்கும் கலந்து கிடக்கு. இது எந்த அடுக்குன்னு அந்தக் கல்லே சொல்லுச்சாம்மா?" என்று கேட்டார். எரிச்சல் என்னவென்றால், அவர் சொன்னது சரி.

இந்தத் தடவை சாப்பாட்டு மேஜையில் ஆரம்பித்தேன்.

"மாமா, உங்க சல்லடைக்குக் கண் பெரிசு. சின்னக் கல்லெல்லாம் கீழ போயிருக்கும்."

"யார் கண்ணு? என் கண்ணா, சல்லடைக் கண்ணா?"

"ரெண்டும்தான்" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"அந்தக் காலத்துல எல்லாரும் அந்த அளவுதான் வச்சிருந்தாங்க. நான் ஒவ்வொரு கூடையும் பக்கத்துல நின்னு பார்த்தவன். சல்லடை போட்டுத் தேடியாச்சும்மா." எழுந்து கை கழுவப் போய்விட்டார். என் கணவர் பேஷன்டைப் பார்க்கப் போனார்.

மறுநாள் சாயங்காலம்தான் அது நடந்தது. என் மாமியார் தையற்கடை வைத்திருக்கிறார். வீட்டு முன்னறைதான் கடை. பட்டன் டப்பா இரண்டு கைதவறிக் கீழே விழுந்து, கோட் பட்டனும் சட்டை பட்டனும் ஒன்றாகக் கலந்துவிட்டன. குனிந்து பொறுக்க அவருக்கு முதுகு வணங்காது. சுற்றுமுற்றும் பார்த்தார், ஹாலில் தொங்கிய சல்லடையைக் கழற்றினார், பட்டன்களை அள்ளி அதில் கொட்டினார், இரண்டு ஆட்டு ஆட்டினார்.

சட்டை பட்டனெல்லாம் மழை மாதிரி தரையில் கொட்டியது. சல்லடையில் கோட் பட்டன் மட்டும் நின்றது.

"அட, நல்லா இருக்கே! இத்தனை வருஷம் சும்மா தொங்க விட்டிருக்கோம்" என்றார் அத்தை.

நான் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். மாமா நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேப்பரை இறக்கினார். தரையில் சிதறிய சட்டை பட்டன்களைப் பார்த்தார். ஒன்று உருண்டுபோய் அவர் கால் பெருவிரலில் முட்டி நின்றது. எடுத்துப் பார்த்தார். நான் கொண்டு வந்து காட்டிய பிறைக்கல் அதே அளவுதான். இருவருக்கும் அது தெரிந்தது. நான் வாயை மூடிக்கொண்டிருந்த வெகு சில சந்தர்ப்பங்களில் அது ஒன்று.

"ஏங்க, என்ன பேயறைஞ்ச மாதிரி உட்கார்ந்திருக்கீங்க? பட்டனைக் குடுங்க" என்றார் அத்தை.

அவர் கொடுக்கவில்லை. அதைக் கைக்குள் வைத்துக்கொண்டே என்னைக் கூப்பிட்டார். "சுவரை வெட்டலாம். ஆனா ஒரு கண்டிஷன். மேல என் சல்லடை, அதுக்குக் கீழ உன் சல்லடை. ஒரே மண்ணு ரெண்டுலயும் விழணும். நான் பக்கத்துல உட்கார்ந்திருப்பேன். ஒண்ணும் கிடைக்கலைன்னா, கல்லுல செதுக்கறதைச் செதுக்கட்டும். இந்த வீட்ல அப்புறம் அந்தப் பேச்சே வரக்கூடாது."

"சரி மாமா" என்றேன். இது ஒரே சுவர். இன்னொரு வாய்ப்பு கிடையாது.

அலுவலகத்தின் நுண் சல்லடை ஓரத்தில் கிழிந்து கிடந்தது. புதியது கேட்டால் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. அதனால் சமையலறையிலிருந்து மாவு சலிக்கிற சல்லடையைத் தூக்கினேன். "கழுவி, காயவச்சுத் திருப்பிக் குடுக்கணும்" என்றார் அத்தை. சத்தியம் செய்து கொடுத்தேன்.

காலையில் ஆற்று மேட்டுக்குப் போனோம். இயக்குநர் வந்தார், அலுவலகத்தில் கேலி செய்தவர்கள் அத்தனை பேரும் வேடிக்கை பார்க்க வந்தார்கள். என் கணவர் அன்று அதிசயமாக லீவு போட்டுவிட்டு, பல் பார்க்கிற பூதக்கண்ணாடியோடு வந்தார். மாமா தகரக் கூரைக்குக் கீழே மடக்கு நாற்காலியைப் போட்டு, நீதிபதி மாதிரி உட்கார்ந்தார். கொத்தனார் கரண்டியால் சுவரின் மஞ்சள் மண்ணை மேலிருந்து சுரண்டிச் சுரண்டி வாளியில் சேர்த்தேன். வாளியை அவர் சல்லடையில் கவிழ்த்து, குழாயால் தண்ணீர் அடித்தோம். மேலே சரளை நின்றது. கீழே மாவுச் சல்லடையில் மணல் நின்றது.

முதல் வாளி, மணல். அடுத்தது, மணல். அதற்கடுத்ததும் மணல். மாமா மெதுவாக ஏதோ பழைய பாட்டை முணுமுணுக்க ஆரம்பித்தார். சந்தோஷம் வந்தால் அப்படித்தான். இயக்குநர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, ஆனால் பார்க்கலாமா என்று யோசித்தார். வெயில் ஏறியது. என் சேலையெல்லாம் சேறு. இத்தனை வருஷம் ஒற்றைக் காலில் நின்றது வெறும் வீம்புதானோ என்று முதன்முறையாக எனக்கே தோன்றியது. அழுகை வந்தது. அழுதால் மண்ணில் ஈரம் கூடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

மஞ்சள் மண்ணின் பாதி ஆழத்தை எட்டியிருப்பேன். மாவுச் சல்லடையில் தண்ணீர் வடிந்தபோது, மணலுக்குள் ஏதோ மினுங்கியது. விரலால் ஒதுக்கினேன். பிறை. ஒரு பக்கம் கூர், மறுபக்கம் மழுக்கியது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. தண்ணீரை மெதுவாக விடச் சொன்னேன். இன்னொன்று, அதையடுத்து முக்கோணமாக ஒன்று, நீளமாக இரண்டு.

என் கணவர் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு கத்தினார். "இது பல்லு மாதிரி இருக்கே!"

"பல்லேதான்!" என்று நானும் கத்தினேன். "ஒரு கொம்புல நீளமா பள்ளம் வெட்டி, பிசின் வச்சு, இதை வரிசையா பதிப்பாங்க. ஒண்ணு உடைஞ்சா அதை மட்டும் பிடுங்கிட்டு வேற வைப்பாங்க."

"அப்போ பல்செட்டு" என்றார். தொழில் புத்தி. ஆனால் இதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

பாட்டு நின்றிருந்தது. மாமா லேசில் விட்டுக்கொடுப்பவர் இல்லை. விட்டுக்கொடுத்திருந்தால் எனக்குமே ஏமாற்றமாக இருந்திருக்கும். "எலி வளை போயிருக்கும். மேல் அடுக்குல இருந்து அது வழியா கீழ விழுந்திருக்கும்" என்றார். நியாயமான கேள்வி. கூட்டம் என்னைப் பார்த்தது.

நான் சுவருக்குத் திரும்பினேன். அந்தக் கற்கள் வந்த இடத்தைச் சுற்றி, கரண்டியைக் கீழே போட்டுவிட்டு, தூரிகையால் தட்டினேன். மஞ்சள் மண் உதிர உதிர, உள்ளே ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. கோடு அகன்று கிண்ணம் போல் வளைந்தது. சிவக்க வெந்த மண், அதன்மேல் கரி, கரிக்குள் மீன் முள், தீயில் வெடித்த உருண்டைக் கற்கள். ஓர் அடுப்பு. மேலேயும் மஞ்சள் மண், கீழேயும் மஞ்சள் மண், நடுவில் கலையாமல் உட்கார்ந்திருந்தது.

"எலி வளை வழியா அடுப்பு விழாது மாமா" என்றேன்.

யாரோ கைதட்டினார்கள். இயக்குநர்தான் என்று அப்புறம் சொன்னார்கள். எனக்கு அப்போது எதுவும் கேட்கவில்லை. நெடுங்காலத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் இங்கே யாரோ மீன் சுட்டிருக்கிறார்கள், முள்ளைத் தீயில் போட்டிருக்கிறார்கள். அவர்களை இல்லை என்று கல்லில் எழுத இருந்தோம்.

மாமா நாற்காலியிலிருந்து எழுந்தார். கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகும் கண்ணாடி இல்லாமல் அவருக்குப் பக்கத்தில் இருப்பது சரியாகத் தெரியாது, அன்று கண்ணாடியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். கையை நீட்டினார். பிறைக்கல் ஒன்றை அவர் விரல் நுனியில் வைத்தேன். கண்ணருகே கொண்டுபோனார், தூர வைத்துப் பார்த்தார், தலையை ஆட்டினார். தெரியவில்லை. அதனால் கட்டைவிரலால் அதன் ஓரத்தைத் தடவினார்.

"ஸ்!" என்று கையை உதறினார். விரலில் ஒரு பொட்டு ரத்தம்.

என் கணவர் பதறிப்போய் பஞ்சைத் தேடினார். மாமா அவரைத் தள்ளிவிட்டார். ரத்தத்தைப் பார்த்தார், அது அவருக்கு நன்றாகவே தெரிந்தது. சிரிக்க ஆரம்பித்தார். வயிறு குலுங்க, கண்ணில் நீர் வர, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"வெட்டுதும்மா! இன்னும் வெட்டுது! இல்லாதவங்க எப்படிம்மா கையை வெட்டுவாங்க?"

கூடியிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நான் அழுதேன், இப்போது மண் நனைந்தாலும் பரவாயில்லை. சிரிப்பு அடங்கியதும் மாமா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்து, விரலைத் தூக்கிக் காட்டியபடியே கேட்டார்: "சரி, இந்தச் சுவரை யார் விட்டு வச்சா? சொல்லுங்க. எல்லாத்தையும் தோண்டிடுன்னு மேலதிகாரி குதிச்சார். நாளைக்கு என்னைவிட நல்ல கண்ணோட யாராவது வருவாங்க, அவங்களுக்கு வேணும்னு நான்தான் மல்லுக்கு நின்னேன். அது இவளா இருக்கும்னு யாருக்குத் தெரியும்?"

தோற்ற இடத்திலும் ஜெயித்தவர் மாதிரி நெஞ்சை நிமிர்த்தினார். நிஜமாகவே ஜெயித்தவர்தான். தன் தவறைப் பிடிக்கத் தானே சாட்சி வைத்துவிட்டுப் போகிற மனசு எத்தனை பேருக்கு வரும்? அந்த நிமிஷம் எனக்கு அவர்மேல் பொங்கிய பாசத்தில், அவர் செய்த வம்பு அத்தனையும் மறந்துபோயிற்று. வீட்டுக்குப் போனதும் ஞாபகம் வந்தது, அது வேறு விஷயம்.

அடுப்புக் கரியை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினோம். வயது, ஆளில்லை என்று எழுதிய காலத்தின் நட்ட நடுவில் வந்து உட்கார்ந்தது. கார் நிறுத்துமிடம் சாலைக்கு அந்தப் பக்கம் போயிற்று. நடையின் ஒரு சுவரை இடித்து அறையாக்கினார்கள். கழிவறைக்கான அம்புக்குறி கொஞ்சம் சுற்றி வளைத்துப் போகிறது. கருங்கல்லில் என்ன செதுக்குவது என்று இயக்குநர் கேட்டபோது, நான் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். மாமா அதை வாங்கி எல்லாவற்றையும் அடித்துவிட்டு, இரண்டே வார்த்தை எழுதினார்: 'இவர்கள் இருந்தார்கள்.'

திறப்பு நாளில் இடைக்கற்கால அறையின் வாசலில் அவர்தான் நின்றார். உள்ளே கண்ணாடிப் பெட்டியில் ஒன்றின்கீழ் ஒன்றாக இரண்டு சல்லடைகள். "மேல இருக்கறது என் கண்ணு, கீழ இருக்கறது என் மருமக கண்ணு" என்று வருகிற ஒவ்வொருவருக்கும் சொன்னார். "கீழ இருக்கறது என் மாவுச் சல்லடை" என்று அத்தை ஒவ்வொருவரிடமும் திருத்தினார். கழுவித் தருவதாகச் செய்த சத்தியத்தை நான் இன்னும் காப்பாற்றவில்லை.

அண்ணனும் தங்கையும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். போட்டோ எடுக்கிறவர் எல்லோரையும் அந்தப் பெட்டிக்கு முன்னால் நிறுத்தினார். நான் பழக்கதோஷத்தில் ஓரமாக ஒதுங்கினேன். மாமா என் தோளைப் பிடித்து இழுத்தார்.

"அங்க எங்க போற? நடுவுல நில்லும்மா."

எங்கள் வீட்டு ஹாலில் சல்லடை தொங்கிய ஆணியில் இப்போது அந்தப் படம்தான் தொங்குகிறது. அதில் என் இரண்டு கையும் முழுசாகத் தெரிகிறது.